நெட்லோகோவின் ஓநாய்–செம்மறி மாதிரி: ஒரு மதிப்பீடு

யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கிய நெட்லோகோ என்னும், தனித்தனி உயிர்களின் நடத்தையைத் திரையில் இயக்கிப் பார்க்க உதவும் இலவச மென்பொருளின் மாதிரி நூலகத்தில், இனக்கூட்ட வளர்ச்சியைக் கற்பிப்பவர்கள் முதலில் திறக்க வேண்டியது ஓநாய்–செம்மறி மாதிரிதான். உலாவியிலேயே இயங்குவதால் எதையும் நிறுவத் தேவையில்லை.

லோட்கா என்ற அறிவியலாளர் 1925இலும் வோல்டெரா என்ற கணிதவியலாளர் 1926இலும் தனித்தனியே எழுதிய வகைக்கெழுச் சமன்பாடுகளில் இரையும் இரைகொல்லியும் முடிவில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அவற்றில் ஓநாய்களின் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழான பின்னமாகச் சுருங்கிய பிறகும் மீண்டும் பெருகிவிடும். நெட்லோகோவின் மாதிரியிலோ ஒவ்வொரு விலங்கும் தனக்கென ஆற்றல் கணக்கு வைத்துக்கொண்டு திரையில் அலைகிறது, ஆகவே அரை ஓநாய்க்கு இடமில்லை. புல்லைக் கணக்கில் கொள்ளாத வடிவத்தை 100 செம்மறிகள், 50 ஓநாய்களுடன் ஓட்டினால், ஓநாய்கள் இரையைத் தீர்த்துவிட்டுப் பட்டினியால் சாகின்றன, அல்லது ஓநாய்கள் முதலில் அழிய, செம்மறிகள் தடையின்றிப் பெருகித் திரையை நிறைக்கின்றன. 1934இல் உயிரியலாளர் காஸ் வெளியிட்ட நுண்ணுயிர்ச் சோதனைகளிலும், ஒளிந்துகொள்ள இடமில்லாத குடுவையில் டிடினியம் என்னும் இரைகொல்லி நுண்ணுயிர் தன் இரையான பாரமீசியத்தைத் தின்றுதீர்த்துத் தானும் அழிந்தது நினைவுக்கு வருகிறது.

புல்லைச் சேர்த்ததும் காட்சி மாறுகிறது. செம்மறிக்கும் பசி வந்துவிடுவதால், புல், செம்மறி, ஓநாய் ஆகியவற்றின் அளவைக் காட்டும் மூன்று வளைவுகளும் ஒன்றையொன்று துரத்தியபடி பெரும்பாலும் நெடுநேரம் நிலைக்கின்றன. ஓநாய்களின் தொடக்க எண்ணிக்கையைச் சுழியாக்கிப் பார்ப்பதையே நான் மிகவும் விரும்புகிறேன்: செம்மறிகள் வேகமாகப் பெருகி, பின் ஒரு மட்டத்தைச் சுற்றி ஊசலாடுகின்றன, புல் மீண்டும் முளைக்கும் காலத்தைக் கூட்டினால் அந்த மட்டம் தாழ்கிறது. கணிதவியலாளர் வெர்ஹல்ஸ்டின் 1838ஆம் ஆண்டு வளர்ச்சிச் சமன்பாட்டில் நாமே எழுதிக் கொடுக்கும் தாங்குதிறன் (ஓரிடம் தாங்கக்கூடிய உயிர்களின் எண்ணிக்கை), இங்கே மேய்ச்சலிலிருந்து தானாகவே உருவாகிறது. கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும் மாணவருக்கு இது இவ்வளவு தெளிவாகப் புலப்படாது.

குறை இல்லாமல் இல்லை. பொத்தான்களும் விளக்கவுரையும் ஆங்கிலத்தில் இருப்பதால், பள்ளி மாணவருக்கு ஆசிரியர் அருகிலிருந்து சொல்லித்தர வேண்டும். சமநிலைப் புள்ளியைக் கணக்கிட்டு நிறுவ இந்த மாதிரி உதவாது. அதற்குப் பழைய சமன்பாடுகளே வேண்டும். எல்லாம் தற்செயல் எண்களால் இயங்குவதால் ஒவ்வொரு ஓட்டமும் வேறுபடும். ஒற்றை ஓட்டத்தின் வரைபடத்தை அறிக்கையில் ஒட்டிவைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, கணினியில் நிறுவும் பதிப்பிலுள்ள பிஹேவியர்ஸ்பேஸ் கருவியால் ஒரே அமைப்பைப் பல முறை ஓட்டி, எத்தனை முறை ஓநாய்கள் பிழைத்தன என்று எண்ணச் சொல்வதே முறை.