ரயில் சீக்கிரம் வந்துவிடுகிறது, நாம்தான் தாமதம்

சிங்கப்பூரின் லென்டோரில் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நீங்கள் அப்பர் தாம்சன்காரர் ஆயிற்றே, அந்தப் பழுப்புப் பாதை எப்படி? நம்பி வீடு வாங்கலாமா?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போடப் பார்த்தேன், அடங்கவில்லை. அவர் கேட்ட பழுப்புப் பாதை, அதாவது தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் எம்ஆர்டி ரயில் பாதை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, வருடக் கணக்கில் போய்வந்தவனுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துபோகலாம். எங்கள் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது 2021 ஆகஸ்ட் 28. அப்போது அது கால்டிகாட்டோடு நின்றுவிடும். அங்கே நீளமாக நடந்து வட்டப் பாதைக்கு மாற வேண்டும். அது பாதிப் பயன்தான். 2022 நவம்பர் 13 அன்று மூன்றாம் கட்டம் திறந்த பிறகுதான் உண்மையான வசதி வந்தது. ஆர்ச்சர்ட் ஐந்தாவது நிறுத்தம். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனால் ஸ்டீவன்ஸில் டவுன்டவுன் பாதைக்கு மாறினால் போதும், இரண்டாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. மேக்ஸ்வெல்லில் இறங்கினால் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கொஞ்ச தூர நடைதான். வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கவலை தீமிதி நாளில்கூட இல்லை.

நான் எதிர்பார்க்காத ஒரு சுகம், கதவுகள். மற்ற எம்ஆர்டி ரயில்களில் ஒரு பெட்டிக்கு ஒரு பக்கம் நான்கு கதவு, இதில் ஐந்து. கேட்க அற்பமாக இருக்கும். மாலை ஆறரைக்கு ஆர்ச்சர்டில் நின்று பாருங்கள், இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் முட்டிக்கொள்ளாமல் பிரிந்து போவது தெரியும். கதவு கூடினால் இருக்கை குறையும் என்பது கணக்கு. அதற்காக நான் சண்டை போடப்போவதில்லை. அப்புறம், மழை பெய்தால் எங்கள் நிலையமே சாலையைக் கடக்கும் வழி. ஒரு வாசலில் இறங்கி எதிர்ப்பக்க வாசலில் ஏறி, நனையாமல் பிராட்டா கடைக்குப் போய்விடலாம். ரயில் ஏறாமலேயே நிலையத்தை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் எங்கள் பேட்டையில் நிறைய.

சரி, இனி எரிச்சலுக்கு வருகிறேன். ஆழம்.

உச்ச நேரத்தில் ரயிலுக்காக நான் காத்திருந்து சலித்ததே கிடையாது. சலிப்பெல்லாம் அதற்கு முன்னால். வாசலில் ஒரு மின்படி, அப்புறம் நடை, அட்டையைத் தட்டி உள்ளே போனால் இன்னொரு மின்படி, சில நிலையங்களில் அதற்கும் கீழே ஒன்று. கைப்பேசிச் செயலி 'பத்து நிமிடப் பயணம்' என்று தேனாகச் சொல்கிறது. அது நடைமேடையிலிருந்து நடைமேடைக்கு! என் வீட்டு வாசலிலிருந்து அலுவலக மேசைக்கு யார் கணக்குச் சொல்வது? வடக்கு - தெற்குப் பாதையின் பழைய மேம்பால நிலையங்களில் ரயில் வரும் சத்தம் கேட்டு ஓடிப்போய் ஏறிய காலம் உண்டு. இங்கே சத்தம் கேட்கிற தூரத்துக்குப் போய்ச் சேரவே பொறுமை வேண்டும்.

காரணம் புரியாமல் இல்லை. பந்திக்குப் பிந்தியவனுக்கு மிச்சம் இருக்கிற இடத்தில்தான் இலை. வடக்கு - தெற்குப் பாதை 1987லும் வடகிழக்குப் பாதை 2003லும் மேலே இடம்பிடித்துவிட்டன. ஊட்ரம் பார்க்கில் ஏற்கெனவே இருந்த இரண்டு பாதைகளுக்கு நடுவே இதுவும் இடம் தேட வேண்டியிருந்தது. மரினா பேயில் ஓடிக்கொண்டிருந்த பழைய சுரங்கத்துக்கு அடியில் தோண்டுவதற்காக மண்ணையே உறைய வைத்து இறுகச் செய்தார்கள். மேலே ரயில் வழக்கம்போல ஓடியது. செய்தவர்களைக் கும்பிட வேண்டும். கும்பிட்டுவிட்டு மறுபடியும் மின்படியில் நிற்கிறேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கையில் தடி. மின்படி வேண்டாம் என்று மின்தூக்கியைத் தேடிப் போவோம். தெருவிலிருந்து ஒன்று, நுழைவுக்கு உள்ளே வேறொன்று, இரண்டுக்கும் நடுவில் நடை. ஒருநாள் சொன்னார்: "ரயில் உடனே வந்துடுதுப்பா. நாமதான் ரயில்கிட்ட போய்ச் சேர மாட்டேங்குறோம்." அவருக்கு 167 பேருந்துதான் உசத்தி. வீட்டருகே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தாம்சன் சாலையை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஆர்ச்சர்ட் போவார். ரயில் வந்துவிட்டதே என்று 2023 டிசம்பரோடு அந்தச் சேவையை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. மக்கள் குரல் எழுப்பியதால் அரை மணி நேரத்துக்கு ஒன்று என்று தப்பிப் பிழைத்தது. இப்போது அம்மா கடிகாரத்தைப் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். பாதைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான் பத்துக்கு எட்டு போடுவேன், அம்மா மூன்று போடுவார். அவர் போடுவதுதான் சரி என்று சில நாட்களில் எனக்கும் தோன்றுகிறது.

நண்பருக்கு நான் சொன்னது இது: வீடு பிடித்திருந்தால் வாங்குங்கள், ரயிலுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். "இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்களே!" என்றார். மலேசியாவின் ஜொகூருக்கு அடிக்கடி போகிறவரா என்று கேட்டேன். ஆமாம் என்றால் பேச்சே வேறு. இந்தப் பாதையின் வடக்கு முனையான உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜொகூரின் புக்கிட் சாகாருக்கு எல்லை தாண்டிப் போகும் ஆர்டிஎஸ் ரயில் வந்துவிட்டால், கடற்பாலத்தில் நிற்கிற நேரத்தை நினைத்து நானே ஏழு மின்படிகூட இறங்குவேன்.

விமான நிலையத்துக்கும் இதே பாதை போகப்போகிறது, 2030களின் நடுவில். தானா மேராவிலிருந்து சாங்கி வரை இப்போது இருக்கும் கிளைப் பாதையை இதோடு இணைத்துவிடுவார்கள், ஐந்தாம் முனையமும் சேரும். எங்கள் நிலையத்தில் ஏறினால் மாறாமல் சாங்கி. கேட்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னைக்குப் போகும்போது எங்கள் வீட்டில் ஆளுக்கு முப்பது கிலோ பெட்டி. அன்றைக்கு நான் டாக்சிதான் கூப்பிடுவேன்.