குரங்கணியிலிருந்து நடையா, சூரியநெல்லியிலிருந்து ஜீப்பா?

போடிநாயக்கனூருக்கு மேலே தெரியும் மலை விளிம்பை நான் இரண்டு விதமாக அடைந்திருக்கிறேன். முதல்முறை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலைக்குச் சென்றேன்; கடந்த டிசம்பரில் வனத்துறை அனுமதியுடன் அடிவாரக் கிராமமான குரங்கணியிலிருந்து மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் என்ற ஊருக்கு நடந்தே ஏறினேன். மறுபடியும் போவதானால் நடையையே தேர்ந்தெடுப்பேன்.

ஜீப் பயணம் பலரும் அறிந்ததுதான். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப் பாதை கேரளப் பக்கமாகவே ஏறுகிறது. ஏறக்குறைய 7,900 அடி உயரத்திலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மேகங்களுக்கு மேல் சூரியன் எழுவதைக் காண விடியற்காலை 4 மணிக்கே புறப்பட வேண்டும். கற்கள் புரளும் அந்தப் பாதையில் முதுகுவலி உள்ளவர்கள் சிரமப்படுவார்கள். ஆனால் நடக்க இயலாத பெரியவர்களுக்கு உச்சியைக் காட்ட ஜீப்பை விட்டால் வழியில்லை. எனக்கு இருந்த மனக்குறை, இருட்டில் ஏறியதால் மலையின் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல் போனதுதான். மழைக்காலத்தில் நான் ஜீப்பில் சென்றதில்லை என்பதால், சேற்றில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல இயலாது.

நடையில் அந்த மாற்றம் முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கிறது. மாவும் இலவமும் நிற்கும் வெக்கையான அடிவாரத்தில் தொடங்கி, காப்பித் தோட்ட நிழலைக் கடந்து, குளிர்காற்று முகத்தில் அறையும் புல்வெளிக்கு வந்து சேர எனக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற சிற்றூரில் இளைப்பாறினேன். ரயிலே இல்லாத மலையில் இப்பெயர்கள் வந்ததற்குக் காரணம் உண்டு: மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வே மூலம் அடிவாரத்துக் கோட்டகுடிக்கு இறங்கியது. அந்த ரயில் பாதையை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்துவிட்டது.

ஆயினும் நடையா ஜீப்பா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் புறப்படும் மாதம். வடகிழக்குப் பருவமழையில் ஆளுயரத்துக்கு வளரும் போதைப்புல் என்னும் காட்டுப்புல், பிப்ரவரிக்குள் காய்ந்து சருகாகிவிடுகிறது. சரிவில் ஒரு பொறி விழுந்தால் காற்று தீயை மேல்நோக்கி விரட்டும், அந்த வேகத்துக்கு மனிதனால் ஏற முடியாது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில் 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் காட்டுத்தீயில் உயிரிழந்தது இப்படிப்பட்ட காய்ந்த புல்லின் நடுவேதான். அதனால் கோடையில் அனுமதியே கிடைப்பதாக யாராவது சொன்னாலும் நடக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த மாதங்களில் மலையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் சூரியநெல்லிக்குச் செல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வழுக்கலும் அட்டையும் தொல்லை தரும். மார்கழியும் தையின் முற்பாதியும்தான் நடைக்கு ஏற்றவை. அப்போதும் போடியிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டு, அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகே குரங்கணிக்கு வண்டி ஏறுங்கள்.