பவர் டில்லர் வாங்கி பத்து வருசம்: உழவு மாடு கட்டுன வீட்டு அனுபவம்

சோழவந்தான் பக்கம் ரெண்டு ஏக்கர் நஞ்சை எங்களுக்கு. 2015ல மானியத்துல 13 ஹெச்பி பவர் டில்லர், அதான் கைப்பிடியப் புடிச்சு ஓட்டுற சின்ன உழவு மிஷின் எடுத்தோம், அதுவரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு ஜோடி மாடுதான். வேலையில டில்லரை கொறை சொல்லவே மாட்டேன். மாட்டு ஏர்ல நாளைக்கு அரை ஏக்கர் தாண்டுறதே பெரிசு, இது மதியத்துக்குள்ள அதை முடிச்சிரும், சேத்துழவுக்கு கேஜ் வீல்ங்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுனா தொளி நல்லா கலங்கி வருது. பெல்ட்டு, பிளேடு தேயத்தான் செய்யும், அதிர்வுல சாயங்காலம் தோள்பட்டை விண்ணு விண்ணுன்னு வலிக்கும், மத்தபடி உழைக்குற மிஷின்.

ஆனா மாட்டுக்கு கிராக்கி போனதுக்கு டிராக்டரும் டில்லரும் மட்டும்தான் காரணம்னு எல்லாரும் பேசுறாங்க, எனக்கு அறுப்பு மிஷின்தான் பெரிய அடின்னு படுது. கையறுப்பு இருந்தப்ப களத்துல அடிச்சு வைக்கோல் முழுசா படப்புல ஏறும், இப்ப அது நொறுங்கி வயல்லயே கெடக்கு, அதை கட்டுப் போடுற மிஷினுக்கு தனியா காசு. உழவும் போயி தீனியும் வெலைக்கு வாங்கி எந்த சம்சாரி ஒரு ஜோடிய வருசம் பூரா கட்டி வைப்பாரு சொல்லுங்க, டில்லர் சும்மா நின்னா டீசல் கேக்காது, மாடு அப்படியா?

2012 கால்நடை கணக்கெடுப்போட பாத்தா 2019ல நாடு முழுக்க காளை, எருது எண்ணிக்கை 30 சதவீதம் கொறைஞ்சிருக்கு, பசு, கிடேரி 18 சதவீதம் கூடிருக்கு. காளங்கன்னு விழுந்தா வீட்ல யாருக்கும் சந்தோசம் இல்ல இப்ப. நம்ம பக்கத்து நாட்டு இனமான புலிக்குளம் மாட்டுக்கு ஜல்லிக்கட்டு இருக்கப்போயி கொஞ்சம் மவுசு நிக்குது, அதுவும் வாடிக்கு போற காளைக்குத்தான், ஏர் இழுக்குற எருதை ஏன்னு கேக்க ஆளில்ல.

இதுல எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா, திருப்பி ஏர் பூட்டலாம்னு நெனைச்சாலும் லாடம் அடிக்க ஆள் இல்ல, நுகத்தடி செதுக்குற ஆசாரியும் அந்த வேலைய விட்டுட்டாரு, பழக்குன ஜோடி கெடைக்கிறதே அபூர்வம். இத்தனைக்கும் தேவை முழுசா போகல. கள்ளிக்குடி கரிசல்ல மாமா பருத்தி போடுறாரு, செடி நிக்குறப்ப டிராக்டர் உள்ள போனா மிதிச்சிரும், ஊடு உழவுக்கு மாடு தேடி ஊர் ஊரா அலையுறாரு, களை அதுக்குள்ள முழங்காலுக்கு வந்துருது. அந்தப் பக்கம் யார்ட்டயாச்சும் பழகுன ஜோடி இருந்தா தயவுசெஞ்சு வித்துறாதீங்க, பருத்தி சீசனுக்கு கேக்குற கூலி குடுத்து கூட்டிட்டுப் போக சம்சாரிக காத்துக்கிட்டு இருக்காங்க.