முதல் டிஜிட்டல் பியானோ: யமஹா பி-45, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10

கடைக்குப் போகும் முன் வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: சொல்லித்தரப் போவது பியானோவா, எலெக்ட்ரானிக் கீபோர்டா? டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். கீபோர்டுத் தேர்வுக்கு ரிதம் ஸ்டைல் (தானே ஓடும் தாளப் பின்னணி) உள்ள 61 கட்டைப் பெட்டிதான் வேண்டும். கீழே வரும் மூன்றில் எதை வாங்கினாலும் அதற்கு உதவாது. பியானோ என்றால் 88 கட்டை, அதுவும் மரப் பியானோ மாதிரி கனம் தெரிய உள்ளே சுத்தியல் எடை வைத்த கட்டை. இது தெரியாமல் கீபோர்டு வாங்கிவிட்டு, ஒரு வருஷத்தில் அதை விற்கப் பார்க்கிறவர்கள் ஏராளம்.

பியானோ என்று முடிவானால், தொடக்க விலை வரிசையில் கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் யமஹா பி-45, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10. பி-45க்குப் பதிலாக 2023-ல் பி-145 வந்துவிட்டது. உடம்பு மெலிந்து, கட்டை அமைப்பும் மாறியிருக்கிறது. பழைய பி-45 நல்ல விலைக்குக் கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை.

மூன்றிலும் எத்தனை ஒலி, எத்தனை தாளம் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பி-45ல் பத்து ஒலி, எஃப்பி-10ல் பதினைந்து. முதல் இரண்டு வருஷம் வாசிக்கப்போவது முதல் பியானோ ஒலி ஒன்றைத்தான். பாலிஃபனி, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்ற எண்ணும் அப்படியே. பி-45, சிடிபி-எஸ்110 இரண்டிலும் 64, எஃப்பி-10ல் 96. சுரத்தை நீட்டும் பெடலை அமுக்கியபடி வேகமாக ஓடும் பெரிய உருப்படிகளில்தான் 64 போதாமல் முந்தைய சுரங்கள் மெல்ல அறுபடும். தொடக்கப் பாடத்தில் அந்த நிலை வராது. காசைக் கட்டையின் தொடுகைக்குக் கொடுங்கள். ஸ்பீக்கர் பிடிக்காவிட்டால் பின்னால் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். கட்டையை மாற்ற வழியே கிடையாது.

தொடுகையைக் கடையிலேயே அளந்துவிடலாம். 23 மில்லிமீட்டர் அகலமுள்ள பொன்னிற 5 ரூபாய் நாணயம் ஒன்று 6 கிராம். பன்னிரண்டு நாணயம் கொண்டு போங்கள். பெட்டியை அணைத்துவிட்டு, நடு ‘சி’ கட்டையின் முன்விளிம்பில் ஒவ்வொன்றாக மெல்ல அடுக்குங்கள். மரப் பியானோவில் நடுப்பகுதிக் கட்டை சுமார் 50 கிராமில், அதாவது எட்டு ஒன்பது நாணயத்தில் இறங்கும். டிஜிட்டலில் பத்து, பதினொன்று வரை போனாலும் சரிதான். எண்ணிக்கையை விட முக்கியம், அது இறங்கும் விதம். சுத்தியல் எடை உள்ள கட்டை அசைய ஆரம்பித்தால் அடிவரை போய்த்தான் நிற்கும். வெறும் ஸ்பிரிங் கட்டை பாதி தூரம் போய் அங்கேயே தங்கும், ஏனென்றால் அமுக்க அமுக்க ஸ்பிரிங் எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். அடுத்து இடது கோடிக் கட்டையிலும் வலது கோடிக் கட்டையிலும் அடுக்கிப் பாருங்கள். இடது பக்கம் கூடுதல் நாணயம் கேட்க வேண்டும். இதற்கு பத்து ரூபாய் நாணயம் உதவாது. 27 மில்லிமீட்டர் அகலம், பக்கத்துக் கட்டையில் இடிக்கும். (டீக்கடையில்தான் வாங்க மாட்டார்கள் என்று பார்த்தால் இங்கேயுமா!)

இந்தச் சோதனையில் மூன்றுமே தேறும். வித்தியாசம் விரலில் தெரியும். எஃப்பி-10ன் கட்டையை மிக மெதுவாக அமுக்கினால், அடியை நெருங்கும்போது ஒரு சின்னத் தடை விரல்நுனியில் ‘நறுக்’கென்று படும். கிராண்ட் பியானோவில் சுத்தியல் கழன்றுகொள்ளும் இடத்தை நினைவுபடுத்த வைத்தது அது. ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று சென்சார் இருப்பதால், கட்டை முழுசாக மேலே வருவதற்கு முன்பே மறுபடி அமுக்கினாலும் சுரம் பேசும். ஒரே சுரத்தை இரண்டு விரலால் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள், புரிந்துவிடும். பி-45ன் கட்டை சற்று வழவழப்பு; வேர்த்த விரல் வழுக்கும், சென்னை மே மாதத்தில் இது சின்ன விஷயமில்லை. கேசியோவிலும் ரோலண்டிலும் கட்டைப் பரப்பு சொரசொரப்பாக இருக்கும்.

கேசியோவின் பலம் அதன் உடம்பு. ஆழம் 23 சென்டிமீட்டர் சொச்சம், எடை பத்தரை கிலோ. அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி வைக்கலாம். ஆறு பென்டார்ச் பேட்டரியிலும் ஓடும், கரண்ட் போனாலும் பாடம் நிற்காது. ஒல்லிக்குக் கொடுத்த விலையும் உண்டு. கட்டை உள்ளே சுழலும் அச்சு முன்விளிம்புக்குக் கிட்டத்தில் வந்துவிட்டதால், கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை உள்ளே தள்ளி வெள்ளைக் கட்டையை அமுக்கும்போது கனமாகத் தெரியும். ஈ ஃபிளாட் மேஜர் மாதிரி கறுப்புக் கட்டை கலந்த ஸ்கேல்களுக்கு வரும்போது இது உறுத்தும். கடையில் சி மேஜர் மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டு வந்தால் கண்ணில் படாது.

ரோலண்டின் ஸ்பீக்கர் கீழ்நோக்கிப் பேசும். மெத்தை மேலோ கனத்த துணி விரித்த மேஜை மேலோ வைத்தால் ஒலி அமுங்கிவிடும். திறந்த ஸ்டாண்ட் கட்டாயம். அதில் புளூடூத் உண்டு, ஆனால் செயலியோடு பேசும் மிடி (எந்தக் கட்டை அமுங்கியது என்ற தகவல்) மட்டும்தான். போனில் ஓடும் பாட்டை அதன் ஸ்பீக்கரில் கேட்க முடியாது. எந்தப் பியானோவானாலும் வாசிப்பதற்கு புளூடூத் ஹெட்போன் வேண்டாம், விரல் பட்டபின் ஒலி தாமதித்து வரும். கம்பி ஹெட்போன்தான். பி-45ன் துளை பெரிய 6.35 மில்லிமீட்டர், போன் ஹெட்போனுக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். மற்ற இரண்டிலும் 3.5.

கூட வரும் பெடல் பெரும்பாலும் சின்னப் பெட்டி மாதிரி இருக்கும். மொசைக் தரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அடியில் ரப்பர் பாய்த் துண்டு ஒன்றை ஒட்டுங்கள், அல்லது பியானோ வடிவப் பெடலாக வாங்குங்கள். அப்படி வேறு கம்பெனிப் பெடல் மாட்டும்போது வரும் குழப்பம் ஒன்று உண்டு: காலை எடுத்தால் சுரம் நீள்கிறது, அமுக்கினால் நின்றுவிடுகிறது. பழுது இல்லை, துருவம் தலைகீழ். பெடலின் அடியில் சின்ன சுவிட்ச் இருந்தால் மாற்றுங்கள். பி-45ல் பெடல்மேல் கால் வைத்தபடி பவரைப் போட்டாலும் இதே கதைதான். அணைத்துவிட்டு, காலை எடுத்து, மறுபடி போடுங்கள்.

ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒற்றை எக்ஸ் ஸ்டாண்டில் பன்னிரண்டு கிலோப் பெட்டியை வைத்து வேகமாக வாசித்தால் ஆடும், முழங்காலும் இடிக்கும். இசட் வடிவமோ மரச் சட்டமோ எடுங்கள். தரையிலிருந்து வெள்ளைக் கட்டை சுமார் 72 சென்டிமீட்டர், உட்கார்ந்தால் முழங்கை அதே மட்டம். டைனிங் நாற்காலியில் குழந்தையை உட்காரவைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. அடுக்குமாடி வீடானால், ஹெட்போன் போட்டாலும் கட்டை அடியில் மோதும் ‘தடக் தடக்’ கீழ்வீட்டுக்குக் கேட்கும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் போடுங்கள்.

பாட்டுக்குத் துணையாகவும் வாசிக்கப் போகிறவர்களுக்கு: சுருதி மாற்ற டிரான்ஸ்போஸ் உண்டு. ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவருக்கு ஒரு கட்டைப் பயிற்சியை அப்படியே வாசித்துக் கொடுக்கலாம். பி-45லும் எஃப்பி-10லும் தனிப் பொத்தான் கிடையாது. ஃபங்ஷன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு குறிப்பிட்ட கட்டையை அமுக்க வேண்டும். எந்தக் கட்டை எதற்கு என்ற பக்கத்தைக் கையேட்டிலிருந்து நகலெடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கமகத்துக்கான பிட்ச் பெண்ட் சக்கரம் பி-45லும் எஃப்பி-10லும் இல்லை.

கிரேடு தேர்வு நோக்கி நாலைந்து வருஷம் போகிற எண்ணம் என்றால் எஃப்பி-10, பெரும்பாலும் மூன்றில் விலை கூடியதும் அதுதான். இடம் இல்லாத வீடு, தூக்கிக்கொண்டு போய்வர வேண்டும் என்றால் கேசியோ. பிள்ளை தொடருமா என்றே சந்தேகமா? பி-45. பழையதாக விற்கும்போது சுலபமாகக் கைமாறும்.

அந்தப் பழையதையே நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால், 88 கட்டையையும் ஒவ்வொன்றாக, முதலில் மெதுவாக, பிறகு ஓங்கி வாசியுங்கள். மெதுவாகத் தொட்ட ஒரு சுரம் மட்டும் திடீரென்று கத்தினாலோ, பேசாமலே இருந்தாலோ, கட்டைக்கு அடியில் உள்ள ரப்பர் கான்டாக்டில் தூசி. கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் எடை வைத்த 88 கட்டையைக் கழற்றுவது அரைநாள் வேலை. அந்தக் கூலியை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.