துபாயா, சிங்கப்பூரா: திரும்பி வரும் நாளின் கணக்கு

பாளையங்கோட்டையில் பார்த்த வேலையை விட்டு வெளிநாடு செல்லத் தீர்மானித்தபோது, துபாய், சிங்கப்பூர் என இரண்டு வாய்ப்புகள் எனக்கு இருந்தன. நான் துபாயைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும். சிங்கப்பூரைப் பற்றிய விவரங்களில் அனுபவம் சார்ந்தவை அங்கே நெடுநாள் பணியாற்றும் என் அத்தான் சொன்னவை.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் இரண்டு ஊர்களுக்கும் பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரந்தான். பாதுகாப்பு, பேருந்து, ரயில் வசதிகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழுக்குச் சிங்கப்பூரே உகந்தது: அங்கே அது நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று, கடையநல்லூரிலிருந்து சென்றவர்கள் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையே நிறுவியிருக்கிறார்கள். துபாயில் காதில் விழுவது பெரும்பாலும் மலையாளமும் இந்தியும். ஆனால் நெல்லைச் சீமைக்காரருக்கு மலையாளம் அவ்வளவு அந்நியமில்லை.

வருமான வரியை வைத்தே பலர் முடிவெடுக்கிறார்கள். அமீரகத்தில் சம்பளத்துக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் சிங்கப்பூரிலும் ஆண்டு வருமானத்தின் முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வரி கிடையாது. அதற்கு மேல் 2 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகவே ஏறுவதால், நடுத்தரச் சம்பளக்காரரை அது வாட்டிவிடாது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கணக்கு: வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் நாளில் கையில் என்ன மிஞ்சும் என்பது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்கு அது இல்லை, சட்டப்படி தரவேண்டிய பணிக்கொடையும் இல்லை. போதாக்குறைக்கு, வெளிநாட்டவர் வேலையை விடும்போது வரிக்கணக்கு முடியும்வரை அவருக்குரிய கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்திவைக்க வேண்டும்.

அமீரகத்திலோ ஓராண்டு பணி முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். பணி முடிந்த 14 நாள்களுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். துபாய் சர்வதேச நிதி மையத்திலோ 2020 முதல் இது மாதந்தோறும் ஒரு சேமிப்புத் திட்டத்தில் செலுத்தப்படுகிறது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய சொல் ‘அடிப்படை’. மாதம் 10,000 திர்ஹம் என்று நியமனக் கடிதம் காட்டினாலும், அதில் அடிப்படை 6,000 என்றால் எட்டு ஆண்டு முடிவில் கிடைப்பது 39,000 திர்ஹம். அடிப்படை 4,000 என்றால், மொத்தச் சம்பளம் அதே 10,000 ஆக இருந்தும், 26,000தான். மிச்சத்தை வீட்டுப்படி, போக்குவரத்துப்படி என்று பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடுவதால், இடையில் கிடைக்கும் ஊதிய உயர்வு எந்தத் தலைப்பில் சேர்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கையெழுத்திடும் முன்பே பேச வேண்டிய பேச்சு இது. பிறகு மாற்றுவது கடினம்.

குடும்பத்தை அழைத்துச் செல்வதிலும் துபாய் எளிது. மாதம் 4,000 திர்ஹம், அல்லது நிறுவனம் வீடு தந்தால் 3,000, இருந்தால் மனைவி மக்களுக்கு விசா கோரலாம். சிங்கப்பூரில் 2025 ஜனவரியிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனும் உயர்பணிக்கான வேலை அனுமதிக்கே குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும். வயது ஏற ஏற அதுவும் ஏறும். குடும்பத்தை அழைக்க 6,000 வெள்ளி வேண்டும் என்பதால், 5,700 வெள்ளிக்குப் போகிறவர் தனியாகத்தான் போக முடியும்.

துபாயிலும் தொல்லைகள் உண்டு. வாடகைக்கு ஆண்டு முழுவதற்குமான காசோலைகளைப் பின்தேதியிட்டு முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் புதிதாகப் போகிறவரின் கையைக் கடிக்கும். பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிதான். கட்டணமும் அதற்கேற்றபடி இருக்கும். ஆனால் சிபிஎஸ்இ பள்ளிகள் நிறைய இருப்பதால், பாளையங்கோட்டைக்குத் திரும்பினாலும் படிப்பு தடைப்படாது. சிங்கப்பூர்ப் பள்ளிகளை நான் நேரில் அறியாததால் அவற்றை ஒப்பிட முற்படவில்லை.

திரும்பும் எண்ணமே இல்லாமல், நிரந்தரவாசம் வாங்கி அங்கேயே வேர்விட நினைப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். நிரந்தரவாசியானதும் சேமநிதியில் நிறுவனத்தின் பங்கும் சேரத் தொடங்கும். அவர்களுக்குச் சிங்கப்பூரே மேல். பெற்றோர்வழி நிரந்தரவாசம் பெறும் ஆண்பிள்ளைக்குத் தேசிய சேவை (ராணுவம் போன்ற படைகளில் பணி) கட்டாயம் என்பதை மட்டும் வீட்டில் பேசி முடித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.