கிளட்சை விட்டதும் ‘டங்’: பின்சக்கர இயக்க வண்டியும் அதன் அடிச்சத்தமும்

கம்பத்திலிருந்து குமுளி ஏறி, ஏலத்தோட்டம் வரை போய்வருவதற்காக வாங்கிய பழைய டீசல் வண்டி இது. ஐந்து கியர், மேனுவல், பின்சக்கர இயக்கம். இழுவையில் குறையில்லை, மைலேஜும் பரவாயில்லை. அதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, வளைவுகளில் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதெல்லாம் அடியில் கேட்ட ‘டங்’ பற்றி.

இந்த மாதிரிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை நம்பித் தேடினால் கிடைக்காது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட இரும்புத் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட்டும், அடிச்சட்டமான சேசிஸும் அதைக் கடத்திக்கொண்டுபோய் வேறெங்கோ ஒலிக்க வைக்கும். ஓட்டுபவருக்குக் கியர்பாக்ஸில் கேட்பது பின்னால் இருப்பவருக்கு, பின் ஆக்சிலின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் கூடான ஹவுசிங்கில் கேட்கும். எப்போது வருகிறது என்று கவனிப்பதுதான் பலன் தரும். கிளட்சை விடும் நொடியிலோ, மிதியை மாற்றும் நொடியிலோ ஒரே ஒரு முறை அடித்தால், எங்கோ இருக்கும் ஆட்டம் (தளர்வு) ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் மோதுகிறது என்று பொருள். வேகத்தோடு சேர்ந்து தொடர்ந்து தட்டினால், சுழலும் பாகம் ஒன்றைச் சந்தேகிக்கலாம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். புரொபெல்லர் ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து. அந்த வேகத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து, நொடிக்கு எத்தனை தட்டு என்று கேட்டால், தட்டுவது எது என்று தெரிந்துவிடும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருகிறதென்றால் பிரேக்கையும் சஸ்பென்ஷன் புஷ்களையும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகள்) முதலில் பார்க்க வேண்டும்.

நான் முதலில் காட்டிய பட்டறையில் ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கிரௌன் பினியன் போய்விட்டது அண்ணே, ஹவுசிங்கை இறக்க வேண்டும்” என்றார்கள். இந்த ஒரு சோதனையை வைத்து எத்தனை ஹவுசிங்குகள் அநியாயமாக இறங்கியிருக்குமோ! ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரங்கள் பக்கம் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடியான பினியனுக்கும் கிரௌனுக்கும் இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஓரிரு பங்கு இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதற்கு அப்பால், ஆக்சில் பக்கம் இருக்கும் சிறு ஆட்டம்கூட, ஷாஃப்ட் நாலு சுற்றினால் சக்கரம் ஒன்று என்ற விகிதம் என்பதால் ஷாஃப்ட்டில் நாலு மடங்காகத் தெரியும். ஷாஃப்ட் சற்றுத் திரும்புவது குற்றமில்லை.

குற்றம் எங்கே என்றால், ஷாஃப்ட் மடங்கிச் சுழல இடம் கொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பான கிராஸில். சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கிராஸின் இரு பக்கக் கவைகளையும் ஒவ்வொரு கையில் பிடித்து எதிரெதிராகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே கொஞ்சமும் ஆட்டம் கூடாது. என் வண்டியில் பின்பக்கக் கிராஸ் கையிலேயே தட்டியது. கிராஸின் நாலு முனைகளையும் மூடும் கப்புகளில் ஒன்றின் ஓரத்தில் செம்மண் போலத் துருப்பொடி. உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங்குகள் துருப்பிடித்ததன் அடையாளம் அது. மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போன்ற கீச்சொலி அதற்கு முன்பே வந்திருந்தது. மலைச்சேறும் பிரஷர் வாட்டர் சர்வீஸும் கிரீஸை நன்றாகவே விரட்டும்.

மாற்றும்போது கூடவே நின்றேன். கழற்றும் முன், ஷாஃப்ட்டைப் பூட்டும் தட்டுகளான ஃபிளேஞ்சுகளில் பெயின்ட் குறி போடச் சொல்ல வேண்டும். மாறிப் பூட்டினால் புதிதாக அதிர்வு வரலாம். கப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் ஊசி ஒன்று சாய்ந்து அடியில் படுத்துவிடும், புதுக் கிராஸும் சீக்கிரமே வீண். வைஸில் வைத்து அழுத்துபவரிடம் கொடுப்பது உத்தமம். கிரீஸ் அடிக்கும்போது நாலு கப்பிலிருந்தும் வெளியே கசிய வேண்டும். ஒன்றில் வரவில்லையென்றால் அந்தப் பக்கம் பட்டினி.

கிராஸ் மாற்றியதும் முக்கால்வாசி அடங்கியது. நிறுத்தக் கோட்டில் நின்று கிளம்பும்போது மட்டும் ஒரு மெல்லிய தட்டல் மிச்சம். ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய இடம் கொடுக்கும் ஸ்பிளைன் (ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பள்ளம் வெட்டிய இணைப்பு) காய்ந்து சிக்கி, பிறகு சட்டென்று விடுபடுவதால் வருவது அது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததோடு சரி. செலவில்லாத இந்த வேலையை யாரும் முதலில் சொல்வதில்லை.

இன்ஜினைச் சட்டத்தில் தாங்கும் ரப்பர் பிடிமானமான இன்ஜின் மவுண்டையும் அந்தச் சமயத்திலேயே பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்து, ஒருவர் அரை கிளட்சில் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் லேசாக இழுவை கொடுக்க, மற்றவர் பக்கவாட்டில் நின்று இன்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. என்னுடையது நன்றாக இருந்தது. முன்சக்கர இயக்கக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஷாஃப்ட்டும் கிராஸும் இல்லை. ஆனால் மவுண்ட் கிழிந்தால் இதே ‘டங்’தான். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்றால், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொடுக்கும் இணைப்பான வெளிப்பக்க சிவி ஜாயின்ட்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் போய்விடும் என்பவர்களை நான் கேட்பதில்லை. ஆயில் கெட்டியாக இருந்தால் சத்தம் கொஞ்சம் மறையும், தேய்மானம் அப்படியே இருக்கும், குளிர்காலக் காலையில் கியர் விழ அடம்பிடிக்கும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில் என்று கையேட்டில் இருந்தால் ஹவுசிங்குக்கு வாங்கிய ஜிஎல்-5 மிச்சத்தை அதில் ஊற்றவும் கூடாது. அதன் சேர்மானங்கள் கியர் சுலபமாக விழ உதவும் சில பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

இப்போது முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ஒரு சிறு சத்தம் உண்டு. லீஃப் ஸ்பிரிங் புஷ்கள் தேய்ந்து ஆக்சில் லேசாக உருள்கிறது. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டை இறுக்கியதில் பாதி குறைந்தது. மழை முடிந்ததும் புஷ்களை மாற்றப் போகிறேன்.