சொல்லுக்குச் சொல்லா, கருத்துக்கா?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் யப்பான் மொழி படிக்கிற பிள்ளைகள் ஆங்கில மரபுத்தொடரை யப்பான் மொழிக்கு மாற்றும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

சொல்லுக்குச் சொல்: சுருக்காக முடியும். ‘ஒரே கல்லில் இரண்டு பறவை’ அங்கும் ‘இஸ்ஸெகி நிச்சோ’ என்று வழக்கில் உண்டு; தயங்காமல் எழுதலாம்.
கருத்துக்கு: தேட நேரம் எடுக்கும், பிழை வராது.

‘கோல்ட் ஃபீட்’டை (ஆங்கிலத்தில் பயந்து பின்வாங்குதல்) ‘அஷி கா ட்ஸுமெதாய்’ என்று எழுதினால் கால் குளிருது என்றே விளங்கும். பயந்து பின்வாங்குவதற்கு ‘ஒஜிகெஸுகு’. ஒரு விடயத்தைக் கைகழுவுவது இன்னும் வில்லங்கம்: ‘தே ஓ அராவு’ சோப் போட்டுக் கழுவுவது என்றே பெரும்பாலும் விளங்கும், விலகுவதற்கு ‘தே ஓ ஹிக்கு’ (கையை இழுத்தல்). ‘அஷி ஓ அராவு’, காலைக் கழுவுதல், கெட்ட தொழிலை விடுவது!

பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் நோயாளியின் உடம்பைப் பற்றிய பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். கடிதம், உரையாடல், கதை என்றால் கருத்துக்கே போங்கள்.